கண்ணாடி அறையில் மூன்று இரவுகள்

பதினான்காம் அத்தியாயம்

லின்சி இரண்டு மணிக்கு வருவாள். வந்ததும் அந்த வெள்ளைப் பெட்டியைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகுவாள். மாமனார் டெஸ்மண்ட் இந்த வீட்டிலேயே இருப்பாரா, லெஸ்டர் நகரத்து முதியோர் இல்லத்துக்குப் போவாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.

விடிந்ததிலிருந்து ஜானிஸுக்கு இதே நினைப்புதான்.

பெட்டி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளாட்சிக் கவுன்சிலில் வேலை பார்க்கும் லின்சி திங்கட்கிழமை மதியம் அதைக் கொண்டுவந்து, கட்டிலுக்கு மேலே அலமாரி விளிம்பில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது அறையின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். பேசாது, சத்தம் போடாது, யாரிடமும் சண்டைக்கு வராது. கடந்த ஒரு வாரத்தில் இந்த வீட்டில் அப்படி இருந்தது அது ஒன்றுதான்.

மூன்று இரவும் அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதுதான் நிபந்தனை. இறங்கினால், எண்பத்து மூன்று வயதுக்காரர், பக்கவாதம் வந்து நான்கு மாதம்கூட ஆகாதவர், அங்கே படுப்பது சரியில்லை என்று லின்சி எழுதிவிடுவாள். லெஸ்டரில் டெஸ்மண்டின் மகள் கிளெண்டா பார்த்து வைத்திருக்கும் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது. நாளை மதியம் வரை அதை வேறு யாருக்கும் தரமாட்டார்கள்.

மாடிக்குப் பதினான்கு படிகள். நவம்பரில் இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு டெஸ்மண்டால் அதில் ஒன்றுகூட ஏற முடியவில்லை. கீழே முன்னறை இருந்தது. ஆனால் தெருக்கதவிலிருந்து சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும். "கடை ஜன்னல்ல வச்ச பொம்மையா நான், வர்றவன் போறவன் எல்லாம் பாத்துட்டுப் போறதுக்கு?" என்று கேட்டுவிட்டார். மிச்சமிருந்தது பின்பக்கத்துக் கண்ணாடி அறை. பக்கத்திலேயே கழிப்பறை. எதிரே தோட்டம், பறவைகளுக்குத் தீனி தொங்கும் ஆப்பிள் மரம். அவரும் மனைவி பெரிலும், அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் ஆசையாகக் கட்டியது. பெரில் போய் ஆறு வருஷமாகிறது.

அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு கண்ணாடி அறை உண்டு. ஏப்ரலில் சில வாரம், செப்டம்பரில் சில வாரம், எல்லோரும் அதில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். மற்ற மாதங்களில் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, துணி காயப்போடுவதற்கும் பழைய சைக்கிளை நிறுத்துவதற்கும் பயன்படுத்துவார்கள். கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ் பெட்டி.

காரணம் எளியது. செங்கல் சுவருக்கு ஞாபகசக்தி உண்டு. பகலில் வாங்கிய சூட்டை அது இரவு வரை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். கண்ணாடிக்கு ஞாபகமே கிடையாது. வெயில் அடித்தால் உள்ளே விட்டுவிடும், வெயில் போனதும் அந்தச் சூட்டையும் கூடவே வெளியே அனுப்பிவிடும். அதில் ஒரு மனிதரை வருஷம் முழுவதும் தங்க வைப்பது என்பது, அந்த ஞாபகத்தை நாமே அதற்குக் கற்றுக்கொடுப்பது மாதிரி.

ஜானிஸின் கணவன் ரஸ்ஸல் போன வாரம் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். வீட்டைச் சூடாக்கும் பாய்லரை வெப்பம் பார்த்து இயக்கவும் அணைக்கவும் வீட்டுக்கே ஒரே தெர்மோஸ்டாட். அதைக் கொண்டுபோய் அப்பாவின் அறையில் வைத்தான். அப்பா குளிரில் இருந்தால் பாய்லர் தானே எரியும் அல்லவா? நல்ல யோசனைதான், சனிக்கிழமை வெயில் வரும் வரை. காலை பத்து மணிக்குக் கண்ணாடி அறை இருபத்தாறு டிகிரிக்கு ஏறியது. வீடே வெதுவெதுப்பாக இருக்கிறது என்று தெர்மோஸ்டாட் நம்பி பாய்லரை அணைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதே வெயில், அதே கதை. லெஸ்டரிலிருந்து வந்து இறங்கிய கிளெண்டா முன்னறைக் குளிரில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். அக்காவும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அன்று நடந்த சண்டையைப் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நின்று கேட்டது.

அதன் பிறகு பொறுப்பை ஜானிஸ் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் அவள். சூடு எங்கே போகிறது, எப்படிப் பிடித்து வைப்பது என்பதெல்லாம் கைப்பழக்கம். பள்ளிக்கு இந்த வாரம் விடுமுறை வேறு. தெர்மோஸ்டாட்டைப் பழைய இடத்தில் மாட்டினாள். கண்ணாடி அறைக்கென்று தனியாக எண்ணெய் நிரப்பிய இரண்டு மின்சார ஹீட்டர்கள் வாங்கினாள். வெப்பம் இத்தனை வந்ததும் தானே நின்று, குறைந்ததும் தானே எரிகிற வகை. கட்டிலைக் கண்ணாடி ஓரத்திலிருந்து நகர்த்தி, வீட்டின் செங்கல் சுவரை ஒட்டிப் போட்டாள். பெரிலின் கனத்த குளிர்காலத் திரைகளைப் பரணிலிருந்து இறக்கி மூன்று பக்கமும் தொங்கவிட்டாள். கூரைக்கு மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை.

செவ்வாய் காலை ஏழு மணிக்குத் தன்னுடைய சமையலறை வெப்பமானியை எடுத்துப்போய்ப் பார்த்தாள். பத்தொன்பது. புதன் காலை, பத்தொன்பது. இன்றைக்கு வெளியே புல் முழுக்க வெள்ளையாக உறைபனி, பறவைகளுக்கு வைத்த தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. உள்ளே பத்தொன்பதரை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

டெஸ்மண்ட் விழித்துத்தான் இருந்தார். தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு மரக்கட்டை மாதிரி தூங்கினேன் என்றார். வழக்கம்போலத் தலையணை உறை ஈரமாக இருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு வாய் ஓரம் கொஞ்சம் ஒழுகும். ஜானிஸ் உறையை மாற்றினாள். போர்வையை உதறியபோதுதான் அதிலிருந்து ஏதோ தரையில் விழுந்தது.

ஒரு காய்ந்த இலை. விரிந்த கை அளவு.

பக்கத்து வீட்டு மரத்து இலை அது. அந்த மரத்தின் இலைகள் கூரை மேல் மக்கிக் கிடப்பதை அவள் தினமும் உள்ளிருந்தே பார்க்கிறாள். கதவு வழியாக வந்திருக்க முடியாது, கதவு திங்கட்கிழமையிலிருந்து திரைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு ஜன்னல் உண்டு, கொக்கிக் கோலை மாட்டித் திருகினால் திறக்கும். இப்போது மூடித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோல் தன் மூலையில் இல்லை. கட்டில் காலருகே சாய்ந்திருந்தது.

ராத்திரி யாரோ கூரை ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள்.

இந்த அறைக்குப் பக்கத்தில், முன்னறை சோபாவில் படுப்பது கிளெண்டா ஒருத்திதான்.

சமையலறையில் கிளெண்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அறுபது வயது, அப்பாவைப் போலவே நீளமான முகம். கோலை யார் எடுத்தது என்று ஜானிஸ் கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதாகத்தான் நினைத்தாள்.

கிளெண்டா கத்தியை நிறுத்தவில்லை.

"ராத்திரி நடக்கறதெல்லாம் உனக்குத் தெரிஞ்சாகணும்னு ஒண்ணும் இல்ல, ஜானிஸ்."

"என் வீட்ல நடந்தா தெரியணும்தானே?"

"இது எங்கம்மா வீடும்கூட."

கிளெண்டா ரொட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டாள். கெட்டில் கொதித்து நின்றதுகூட ஜானிஸுக்குக் கேட்கவில்லை. இவ்வளவு வெளிப்படையாகவா ஒருத்தி செய்வாள்? அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை இருக்கலாம். அதற்காக உறைபனியில் அவர் தலைக்கு மேல் ஜன்னலைத் திறந்து வைப்பாளா?

கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகும் என்று மெஷினில் துணியைப் போட்டாள். டெஸ்மண்டின் படுக்கை விரிப்புகள், துண்டுகள், ரஸ்ஸலின் லாரிச் சேறு படிந்த உடுப்பு. முடிந்ததும் இரண்டாவது தவணை. பிப்ரவரியில் இங்கிலாந்தின் இந்த நார்ஃபக் பகுதியில் வெளியே போட்டால் துணி மூன்று நாளானாலும் காயாது. அவள் எப்போதும் செய்வதுபோலக் கண்ணாடி அறையின் மூலையில் மடக்கு ஸ்டாண்டைப் பிரித்து வைத்து, ஹீட்டருக்குப் பக்கமாக நகர்த்தி, எல்லாவற்றையும் விரித்தாள். நவம்பரிலிருந்து தினமும் நடப்பதுதான். ஹீட்டர் வந்த பிறகு சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது.

பதினொரு மணிக்கு வெயில் வந்தது. வெளியே பனிக்காலம், உள்ளே திடீரென்று ஜூன் மாதம். வெப்பமானி இருபத்தெட்டைக் காட்டியது. டெஸ்மண்ட் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, சட்டையோடு உட்கார்ந்து மரத்துக் குருவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜானிஸ் தோட்டத்துப் பக்கம் கீழே இருக்கும் சின்ன ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தாள். பிறகு கோலை எடுத்துக் கூரை ஜன்னலையும் ஒரு விரல் அளவு. ஒன்றை மட்டும் திறந்தால் பலன் இல்லை. சூடான காற்று மேலே ஏறும், அதற்கு மேலே ஒரு வழி வேண்டும். அது போன இடத்துக்குக் குளிர்ந்த காற்று வர வேண்டும், அதற்குக் கீழே ஒரு வழி வேண்டும். இரண்டும் இருந்தால் அறை தானாக மூச்சு விடும், மின்விசிறிகூட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இருபத்து மூன்றுக்கு வந்தது.

"கோலை ரொம்ப நல்லாத் திருகுறே, பொண்ணே" என்றார் டெஸ்மண்ட். "நூல் பிசகாம."

அவர் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் குறைந்ததும் ஜன்னல்களை மூடிக் கோலை மூலையில் வைத்தாள். ஒரு மணிக்கு ரஸ்ஸல் வந்தான். சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறவன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியம் வீடு. சமையலறையில் வைத்து ஜானிஸ் அவனிடம் இலையைக் காட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லின்சி முன்னால் எதையும் கிளப்ப வேண்டாம் என்று கெஞ்சினான். அக்காவை அவனுக்கு ஐம்பத்தாறு வருஷமாகத் தெரியும். சண்டை போடுவாள், எல்லார் வேலையிலும் குறை சொல்வாள், ஆனால் ஒளிந்து செய்கிற ஆள் இல்லை. ஜானிஸ் இலையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

லின்சி சரியாக இரண்டு மணிக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டாள். எல்லோரும் கண்ணாடி அறையில் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவள் உடனே பெட்டியை எடுக்கவில்லை. குளிர்காலம் சரி, ஜூலையில் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்டாள்.

ஜானிஸ் அதற்குத் தயாராக இருந்தாள். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் கூரைக்கு வெளிப்பக்கமாக வெள்ளைத் துணி கட்டப் போவதாகச் சொன்னாள். மேல் ஜன்னலும் கீழ் ஜன்னலும் காலையிலிருந்தே திறந்திருக்கும். தெற்குப் பக்கம் பந்தல் போட்டுத் திராட்சைக் கொடி விட்டால், கோடையில் இலை நிழல் தரும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலுக்கு வழிவிடும். லின்சி தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டாள். ரஸ்ஸல் மனைவியைப் பார்த்துச் சின்னதாகக் கண்ணடித்தான்.

பிறகு பெட்டியைக் கழற்றி லேப்டாப்பில் செருகினாள்.

திரையில் ஒரு கோடு வந்தது. மலை மாதிரி பகலில் ஏறி இறங்கியது. அது வெயில். மாலையில் சமமாகி, பத்தொன்பதில் மேசை விளிம்பு மாதிரி நேராக ஓடியது. அது ஹீட்டர். ஜானிஸின் மூச்சு சீரானது.

அப்புறம் கோடு விழுந்தது.

திங்கள் ராத்திரி ஒன்றரை மணிக்குச் சரேலென்று இறங்கி, மூன்று மணிக்குப் பன்னிரண்டு டிகிரி. அங்கிருந்து மெல்ல ஏறி, ஆறு மணிக்கு மறுபடியும் பத்தொன்பது. செவ்வாய் இரவும் அப்படியே. நேற்று இரவு பதினொன்று. பக்கத்துப் பக்கத்தில் தோண்டிய மூன்று கிணறுகள் மாதிரி இருந்தது.

"ஹீட்டர் நின்னிருந்தா இவ்வளவு வேகமா இறங்காது" என்றாள் லின்சி. "இது எதையோ திறந்த மாதிரி இருக்கு. யாராவது திறந்தீங்களா?"

ஜானிஸ் பையிலிருந்து அந்த இலையை எடுத்து லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

"கிளெண்டா திறந்திருக்கா."

"ஜானிஸ்" என்றான் ரஸ்ஸல்.

"என்னை ஏன் கூப்பிடறே, அவளைக் கேளு. மூணு ராத்திரியும் அப்பா தலைக்கு மேல. எதுக்குன்னு நான் வேற சொல்லணுமா? நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தானே அந்தப் படுக்கை காத்திருக்கும்."

கிளெண்டாவின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள், அப்பாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் திறந்தேன்."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் கிளெண்டா.

"நீ சும்மா இரு. நான் திறந்தேன், என் ஜன்னல். முகத்துல சொட்டு சொட்டுனு தண்ணி விழுது. மூக்கு மேல ஒண்ணு, கண்ணு மேல ஒண்ணு. எத்தனைதான் துடைக்கறது? ஐம்பத்தஞ்சு வருஷம் நானும் பெரிலும் ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் தூங்கினோம். ஐஸ் விழுந்தாலும் திறந்துதான் இருக்கும். காத்து வந்தா சொட்டறது நின்னுடும். நிக்குதே."

ஜானிஸ் அண்ணாந்து பார்த்தாள். கூரையைத் தாங்கும் அலுமினியச் சட்டம் ஒன்று கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே போனது. வெயில் நகர்ந்துபோன அந்த ஓரத்தில், இப்போதே சட்டத்தின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது.

தலையணை ஈரத்துக்கு அவர் வாய் காரணமில்லை.

லின்சியும் மேலே பார்த்தாள், பிறகு மூலையில் விரித்திருந்த துணிகளைப் பார்த்தாள். அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. சூடான காற்று தண்ணீரைக் குடிக்கும், குளிர்ந்த காற்றால் அதை வைத்துக்கொள்ள முடியாது, எங்கே குளிர்ந்த பரப்பு கிடைக்கிறதோ அங்கே கொட்டிவிடும். கண்ணாடியைவிட உலோகம் குளிர்ச்சி, அதனால் முதலில் சட்டத்தில்தான் சேரும். இரண்டு தவணைத் துணி காய்ந்தால் நான்கு லிட்டர் தண்ணீராவது காற்றில் கலக்கும் என்றாள். அது வெளியே போவதற்காகத்தான் ஜன்னல் சட்டங்களின் உச்சியில் மெல்லிய கீறல் மாதிரித் துவாரங்கள் வைத்திருப்பார்கள்.

எல்லோரும் அந்தத் துவாரங்களைப் பார்த்தார்கள். காற்று புகாமல் இருக்க நவம்பரில் ரஸ்ஸல் அவற்றின் மேல் வெள்ளை டேப் ஒட்டியிருந்தான். மிக நேர்த்தியாக, ஒன்றுவிடாமல்.

நான்கு லிட்டர். தினமும். ஜானிஸ் தன் கையாலேயே அந்த மழையைக் கொண்டுவந்து, ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காய்ச்சி, மாமனாரின் முகத்தில் பெய்ய விட்டிருக்கிறாள். அவருடைய விரிப்புகளைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்றுதான் தினமும் துவைத்தாள்.

"டெஸ், என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நீ எவ்வளவு பாடுபட்டு இந்த இடத்தைச் சூடாக்கினே, பொண்ணே. அதுல போய் நான் ஒழுகுதுன்னு சொல்லவா?"

லின்சி பேனாவை மூடினாள். தண்ணீரைச் சரிசெய்துவிடலாம், அது தனக்குக் கவலை இல்லை என்றாள். அவளுக்கு வேறொரு கவலை வந்திருந்தது. டெஸ்மண்டின் பக்கம் திரும்பினாள்.

"கோல் அந்த மூலையில இருக்கு. கட்டில் இங்க இருக்கு. நீங்க எப்படிப் போனீங்க, மிஸ்டர் தர்ட்டில்?"

"நடந்து."

"தனியாவா?"

"பின்ன, பேண்டு வாத்தியம் வச்சா?"

"எனக்குக் காட்டறீங்களா?"

டெஸ்மண்ட் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்தார். கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தார். ரஸ்ஸல் கை நீட்டியபோது தட்டிவிட்டார். வலது கால் ஒரு அடி, இடது காலை இழுத்து ஒரு அடி. நாற்காலி முதுகு. இன்னொரு அடி. மூலையை எட்டிக் கோலை எடுத்தார், மேலே தூக்கினார். கோல் நடுங்கியது. கொக்கி இரண்டு முறை தவறி மூன்றாவதில் மாட்டியது. திருகினார். கூரை ஜன்னல் மெல்லத் திறந்து, குளிர்ந்த காற்று ஒரு வாளித் தண்ணீர் மாதிரி எல்லோர் தலையிலும் இறங்கியது.

நான்கு மாதத்தில் அவர் துணையில்லாமல் நின்றதை ஜானிஸ் பார்த்தது இதுதான் முதல் முறை. ரஸ்ஸல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பிரமாதம்" என்றாள் லின்சி. "இப்ப திரும்பி வாங்க."

டெஸ்மண்ட் வரவில்லை.

ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வலது முழங்கால் படபடவென்று அடித்துக்கொண்டது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இடது காலைத் திருப்பப் பார்த்தார். அது திரும்பவில்லை.

யாரும் எதுவும் சொல்வதற்குள் கிளெண்டா அங்கே இருந்தாள். இடது கக்கத்துக்குள் தோளைக் கொடுத்தாள். ஒரு கை இடுப்புப் பட்டையில், இன்னொரு கை அவர் மணிக்கட்டில். தன் பாதத்தால் அவருடைய இடது பாதத்தைப் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி நகர்த்தினாள். "ஒண்ணு. ம். இப்ப இது" என்று மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். நாற்காலியில் இடிக்காமல் எங்கே திரும்ப வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே நாளில் வருகிற பழக்கம் இல்லை அது.

அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, ஜானிஸ்தான் முதலில் கேட்டாள்.

"மூணு ராத்திரியும் கூட்டிட்டு வந்தது நீதானா?"

கிளெண்டா ஜன்னலை மூடுவதற்காகக் கோலை எடுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"திங்கட்கிழமை சத்தம் என் காதுல விழுந்தப்ப மணி ரெண்டே கால். முக்கால் மணி நேரமா அந்த விளிம்பைப் பிடிச்சுட்டு நின்னிருக்கார். கை ஐஸ் மாதிரி. கூப்பிடக்கூட இல்ல. மெதுவாத் தட்டியிருக்கார் கண்ணாடில, யாரும் முழிச்சுடக் கூடாதுன்னு. அடுத்த ரெண்டு ராத்திரி நான் தூங்கவே இல்ல, காதை வச்சுட்டுப் படுத்திருந்தேன். அவர் எழுந்து போற வேகத்துக்கு நான் வந்து சேர்றதுக்குள்ள ஜன்னல் திறந்தாச்சு. கூட்டிட்டு வந்து படுக்க வைப்பேன். மூடினா தூங்க மாட்டேன்னு அடம். அசந்ததும் மூடிடுவேன்."

"ஏன் சொல்லல? சொல்லியிருந்தா லின்சி அன்னைக்கே அனுப்பச் சொல்லியிருப்பாங்க. நீ கேட்டது நடந்திருக்கும்."

"அப்பா சொல்லாதேன்னார்." கோலைத் திருகி முடித்து மூலையில் சாய்த்தாள். "அப்புறம், அதைச் சொல்லி உன்னை ஜெயிக்க எனக்கு இஷ்டமில்ல."

லின்சி வெகுநேரம் எழுதினாள். கிளம்பும்போது தன் முடிவைச் சொன்னாள். பெட்டி திங்கட்கிழமை வரை இங்கேயே இருக்கும். அதற்குள் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழக் கூடாது, அறை பதினெட்டுக்குக் கீழே போகக் கூடாது. இவை இரண்டும் எளிது. மூன்றாவதுதான் கடினம். ராத்திரியில் அவர் தனியாக எழுந்திருக்கக் கூடாது. அதை எந்தப் பெட்டியும் பதிவு செய்யாது, வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை உண்மையைச் சொல்வீர்கள் அல்லவா என்று ஜானிஸைப் பார்த்துக் கேட்டாள். ஜானிஸ் தலையசைத்தாள்.

ஆனால் லெஸ்டர் படுக்கை திங்கட்கிழமை வரை காத்திருக்காது.

கார் போன சத்தம் அடங்குவதற்குள் ரஸ்ஸல் ஏணி போட்டு டேப்பை உரித்துக்கொண்டிருந்தான். கூரை ஜன்னலுக்கு ஒரு கப்பியும் கயிறும் கட்டி, கட்டிலில் படுத்தபடியே இழுத்துத் திறக்கிற மாதிரி செய்ய முடியும் என்று யாரும் கேட்காமலே விளக்கிக்கொண்டிருந்தான். பாய்மரப் படகில் செய்வதுதானாம். டெஸ்மண்ட் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜானிஸ் பாதி ஈரத்தில் இருந்த துணிகளை ஸ்டாண்டோடு மாடிக் குளியலறைக்குத் தூக்கிப் போனாள். பதினான்கு படிகள். ஒவ்வொரு படியிலும், காலையில் சமையலறையில் தான் பேசியதும், சற்று முன் எல்லோர் முன்னாலும் பேசியதும் நினைவுக்கு வந்தன. கீழே வந்து கண்ணாடி அறையில் கிளெண்டாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தப்பாப் பேசிட்டேன்."

"ஆமா" என்றாள் கிளெண்டா. தேநீரில் பிஸ்கட்டை நனைத்தாள். அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

நான்கேகால் மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கண்ணாடி தன் சூட்டை மறக்கிற நேரம். இரண்டு ஹீட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக டிக்கென்று விழித்துக்கொண்டன.

பிரம்பு மேசையில் கிளெண்டாவின் ஃபோன் அதிர்ந்தது. லெஸ்டர் எண். படுக்கை வேண்டுமா வேண்டாமா என்று இன்றே சொன்னால் நல்லது என்று காலையிலேயே ஒரு முறை கேட்டிருந்தார்கள்.

கிளெண்டா அதை எடுக்கவில்லை. ஒரு விரலால் மேசைமேல் தள்ளி ஜானிஸின் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னைக்குக் காலைல வரைக்கும் எனக்குப் பதில் தெரிஞ்சிருந்தது. உனக்கும் தெரிஞ்சிருந்தது. இப்ப அவர் நின்னதையும் பாத்துட்டே, திரும்ப முடியாததையும் பாத்துட்டே. நீ என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன். நீயே சொல்லு."

காலையில் என்றால் ஜானிஸ் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டாள்.

கட்டிலைப் பார்த்தாள். டெஸ்மண்டின் கண் மூடியிருந்தது. போர்வைக்கு வெளியே இருந்த கை மட்டும், கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.

ஃபோனை எடுத்தாள். பச்சை வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைக்கப் போனபோது, மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சரியாகத் திரையின் நடுவில் விழுந்து, எண்களையெல்லாம் கலைத்துக்கொண்டு பரவியது.

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.